திமிங்கிலம் பார்க்கப் போன இரண்டு நாட்கள்

என் சிநேகிதி பாரிஸிலிருந்து வந்து நாலு நாளாகியும் எங்களுக்குள் கதை ஒழுங்காக வரவில்லை.

நாங்கள் கோபக்காரர்கள் அல்ல. இருபத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் பேசி வந்தவர்கள். எனக்குக் காலை பத்து மணி, அவளுக்குப் பின்னேரம் நாலு மணி. என்ன சமைத்தது, யாருக்குக் காய்ச்சல், எவர் எவருக்கு என்ன சொன்னார் என்று ஒரு மணித்தியாலம் போய்விடும். என் பிள்ளையின் முதல் பல் விழுந்ததிலிருந்து அவளுடைய மாமியார் கண்மூடியது வரை எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள்தான் நடந்தது. ஆனால் அத்தனை வருடத்திலும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. வீடியோவில் பேசுவதும் அவளுக்குப் பிடிக்காது. "என்ர மூஞ்சையை நானே பாத்துக்கொண்டு என்னெண்டு கதைக்கிறது?" என்பாள்.

அவளை எனக்குக் கொழும்பில்தான் தெரியும். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்த இரண்டு பெண்களை, வாடகை குறையும் என்பதற்காக ஒரே அறையில் போட்டார்கள். நான் கனடாவுக்கு, அவள் பிரான்ஸுக்கு. இருவருக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளைமாரைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தோம். பதினொரு மாதம் ஒரே அறை, ஒரே மேசை விசிறி. அவளுடைய விசாக் கடதாசி என்னுடையதுக்கு மூன்று கிழமை முந்தி வந்தது. போகும்போது விசிறியில் தன் பாதியை எனக்கு எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தக் கோடையில் விமான நிலையத்தில் நான் நீளப் பின்னலைத் தேடிக்கொண்டு நின்றேன். கழுத்தோடு வெட்டிய தலைமயிரும் மூக்குக் கண்ணாடியுமாக ஒருத்தி பக்கத்தில் வந்து, "எடி, என்னைத் தாண்டி ஆரைப் பாக்கிறாய்?" என்றாள். குரலைக் கேட்ட பிறகுதான் ஆளைக் கட்டிப்பிடித்தேன்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் இருவரும் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்ப்போம். "நல்லாயிருக்கு" என்பாள். "இன்னும் கொஞ்சம் விடட்டே?" என்பேன். அவ்வளவுதான். அவள் மேலே அறையில் துணி மடித்துக்கொண்டும் நான் கீழே வெங்காயம் வெட்டிக்கொண்டும் இருந்தால் மாத்திரம், படிக்கட்டு வழியாகக் கத்திக் கத்தி நன்றாகப் பேசினோம். என் கணவர், "கீழ இறங்கி வந்து கதைக்கச் சொல்லும், எனக்குக் காது அடைக்குது," என்பார். அவள் இறங்கி வந்தால் பேச்சு நின்றுவிடும்.

பார்க்கவேண்டியதெல்லாம் பார்த்து முடிந்திருந்தது. மலை, பழைய துறைமுகம், கோயில், நான் சமையல் வேலை செய்யும் நோத்ர-டாம்-த-கிரேஸ் கார்டெரி. சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் அந்த இடத்தில் என் பெரிய பானைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கை நோகேல்லையே?" என்று கேட்டாள். ஐந்தாம் நாள் பால் வாங்கப் போன டெப்பனர் என்கிற மூலைக்கடையில் தபால் அட்டைத் தட்டு ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அதில் தண்ணீருக்கு மேலே தூக்கிய திமிங்கில வால் ஒன்று. அதைக் கையில் எடுத்து, "இது இஞ்சையே?" என்று கேட்டாள்.

"ஓம். தடுசாக் எண்டு ஒரு இடம். ஆறு மணித்தியாலம் ஓட வேணும்."

"நீ பாத்தனியே?"

"இல்லை."

"நீதானே எல்லா இடமும் கார் ஓடுறனி. போவம்."

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் கார் ஓட்டுவேன் என்பது உண்மை. ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்கு, தமிழ்க் கடைக்கு, கர்க்லாண்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு. ஆனால் தொலைபேசியில் அது எப்படியோ பெருத்துவிட்டது. ஒட்டாவாவுக்குப் போனோம் என்று சொன்னால், "ஆர் ஓடினது?" என்று அவள் கேட்பாள். அவள் பாரிஸில் ஒரு ஹோட்டலில் இருபது பேருக்கு மேற்பார்வையாளராக இருப்பவள். நான் மட்டும் கணவருக்குப் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? "நான்தான்" என்றேன். இப்படிப் பல தடவை.

வழக்கமாக ஓட்டுகிற கணவருக்கு முழங்காலில் ஒப்பரேசன் செய்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. விஷயத்தைச் சொன்னபோது அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்:

"நீர் இந்தா பக்கத்திலை இருக்கிற லாவாலுக்கே ஹைவேயில போகமாட்டீர். தடுசாக்குக்கு ஓடப் போறீரோ?"

"ஓம்."

"மகனைக் கேப்பமே?"

"அவனுக்கு வேலை. நான் ஓடுறன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு காரின் சில்லுகளுக்குக் காற்றுப் பார்க்க நொண்டி நொண்டி வெளியே போனார். மகன் இணையத்தில் படகுக்கும் மோட்டலுக்கும் பதிவு செய்து, கைப்பேசியில் வழியையும் போட்டுத் தந்தான். அந்த வழிகாட்டிக் குரல் பிரெஞ்சில்தான் பேசியது. அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனமில்லை.

காலை ஏழு மணிக்கு மீன் றோல்ஸ், சுடுதண்ணிப் போத்தல், இரண்டு குளிர்ச்சட்டைகளோடு புறப்பட்டோம். நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் முதல் அரை மணித்தியாலம் நான் மூச்சு விட்டதாக நினைவில்லை. இரண்டு பக்கமும் லொறிகள். அவள் வெளியே பார்த்துக்கொண்டு, "இவ்வளவு வெறும் நிலமே!" என்று ரசித்துக்கொண்டிருந்தாள். வலதுபக்க வரிசையை விட்டு நான் வெளியே வரவேயில்லை. முன்னால் ஒரு வைக்கோல் வண்டி ஆறுதலாகப் போனது. அதன் பின்னாலேயே போனேன்.

"ஏன்டி இதை முந்தேல்லை?"

"அவசரம் என்ன? நீ வடிவாப் பாத்துக்கொண்டு வா."

கியூபெக் நகரம் தாண்டிப் பன்னிரண்டு மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். அங்கே அவள் தன் பாரிஸ் பிரெஞ்சை எடுத்துவிட்டாள். வந்த நாள் முதல் என் பிரெஞ்சை அவள் திருத்திக்கொண்டுதான் இருந்தாள். இப்படி மூக்கால் இழுக்கக் கூடாதாம். இந்தச் சொல் பிரெஞ்சே இல்லையாம். இப்போது பரிமாற வந்த பெண்ணிடம் நேராக நிமிர்ந்து, இரண்டு பேருக்கு 'டெஜூனே' வேண்டும் என்றாள். அந்தப் பெண் மிகவும் வருத்தப்பட்டு, டெஜூனே பதினொரு மணியோடு முடிந்துவிட்டது என்றாள். இவள் மணிக்கூட்டைக் காட்டி, பன்னிரண்டு மணிக்கு டெஜூனே இல்லாமல் வேறு எப்போது என்று கேட்டாள். நான் குறுக்கிட்டு, எங்களுக்கு 'டீனே' என்றேன். உடனே மத்தியானச் சாப்பாட்டு அட்டை வந்தது.

"அங்கை டெஜூனே எண்டா மத்தியானச் சாப்பாடு," என்றாள்.

"இஞ்சை அது காலமைச் சாப்பாடு."

"அப்ப இவையள் பிழையாக் கதைக்கினம்."

"ஓம், முழு மாகாணமும் பிழையாத்தான் கதைக்குது. நீ சூப்பைக் குடி."

அவள் சிரித்தாள். வந்த பிறகு என் எதிரில் இருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மலைப்பாதை. ஆற்றை ஒட்டி ஏறி இறங்கி ஏறும் சாலை. இறக்கம் வரும் ஒவ்வொரு இடத்திலும் லொறிகளுக்கு எச்சரிக்கைப் பலகை. நான் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவேயில்லை. மூன்றாவது நீண்ட இறக்கத்தின் அடியில் காருக்குள் ரப்பர் எரிகிற மணம் வந்தது. பிறகு முன்சில்லுப் பக்கமிருந்து மெல்லிய புகை. ஓரமாக நிறுத்த ஒரு இடம் இருந்தது. நிறுத்தி இறங்கினேன். இனி வீட்டுக்குப் போன் எடுக்க வேண்டும், அவர் என்ன சொல்வார், மகன் என்ன சொல்வான், எல்லாவற்றுக்கும் மேலாக இவள் என்ன நினைப்பாள் என்று ஓடியது.

அங்கே ஏற்கெனவே ஒரு மரலொறி நின்றது. அதன் சாரதி, வெள்ளைத் தாடிக்காரர், கையில் கோப்பியோடு வந்தார். என் சிநேகிதி முன்னால் போய் நிலைமையை விளக்கினாள். அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இவர் என்ன பாஷை கதைக்கிறார்?"

எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. கார்டெரிக்குக் காய்கறி கொண்டுவருகிறவர் இதே பக்கத்து ஆள். பத்து வருடமாக அவரோடு கத்தரிக்காய்க்குச் சண்டை பிடிக்கிறேன். "பயப்பிட ஒண்டும் இல்லையாம். பிரேக் சூடாகிப் போச்சாம். அரை மணித்தியாலம் விடச் சொல்லுறார். இறக்கத்திலை பிரேக்கையே மிதிச்சுக்கொண்டு வரக்கூடாதாம், கியரைக் குறைச்சு விடட்டாம்," என்று அவருடைய பிரெஞ்சை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அவர் ஜன்னலுக்குள்ளே கையை விட்டு எந்த இடத்துக்கு இழுக்க வேண்டும் என்று கியரைத் தொட்டுக் காட்டினார். நாங்கள் அவருக்கு இரண்டு மீன் றோல்ஸ் கொடுத்தோம். உறைப்பில் அவருக்குக் கண்ணீர் வந்தது. ஆனால் இரண்டையும் சாப்பிட்டார்.

பின்னேரம் மோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஹோட்டலில் மேற்பார்வை செய்கிறவளுக்கு மற்றவர் விரித்த கட்டில் கண்ணுக்குப் பொறுக்குமா? என் கட்டிலையும் சேர்த்துப் பிரித்து, மூலை மடித்து, திரும்ப விரித்தாள். பிறகு அவளுக்குப் போன் வந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"உன்ர அவர்தானே? நான் சுகம் விசாரிச்சதெண்டு சொல்லு," என்றேன்.

"ஓம், சொல்லுறன்," என்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குப் படகு. ஆவணி மாதம், கரையில் வெயில் நன்றாகவே எறித்தது. ஆனாலும் படகுக்கு வந்தவர்கள் எல்லாரும் மார்கழிபோல் உடுத்திருந்தார்கள். கம்பளித் தொப்பி, கையுறை. ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு குளிராம். நாங்கள் இரண்டு பேரும் சட்டைக்கு மேலே சட்டை போட்டு, அதற்கு மேலே என் கணவரின் பழைய குளிர்ச்சட்டைகளையும் போட்டுக்கொண்டு, கையை மடக்க முடியாமல் நடந்தோம். அவள் கைப்பையில் இரண்டு தேசிக்காய் வைத்திருந்தாள்.

"அது ஏன்?"

"படகு ஆட்டிச் சத்தி வந்தா மணக்கிறதுக்கு."

ரப்பர் படகில் போகிறவர்களும் இருந்தார்கள். செம்மஞ்சள் அங்கி போட்டு, அலையில் குதித்துப் போவார்கள். நாங்கள் கழிவறை உள்ள பெரிய படகு. மேல்தட்டில் கைப்பிடிக் கம்பியோரம் இடம் கிடைத்தது. ஒலிவாங்கியோடு ஒரு இளம்பெண் முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் விளக்கிக்கொண்டு வந்தாள். சகெனே ஆறு பெரிய ஆற்றில் கலக்கும் இடம் இது. அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருவதால் திமிங்கிலத்துக்கு இங்கே தீன் நிறைய. அதற்காகவே கடலிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே வருகின்றன என்றாள்.

சற்று நேரத்தில் தூரத்தில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்து மறைந்தது. அலைநுரை என்றுதான் நினைத்தேன். பெலுகா என்கிற வெள்ளைத் திமிங்கிலமாம். கிட்டப் போகச் சட்டம் விடாதாம். பிறகு அந்தப் பெண் உற்சாகமாக, "இரண்டு மணிக்கு! இரண்டு மணிக்கு!" என்று பிரெஞ்சில் கத்தினாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்தரை.

"இன்னும் மூண்டரை மணித்தியாலம் கிடக்கு," என்றேன்.

படகில் எல்லாரும் வலதுபக்கம் ஓடினார்கள். என் சிநேகிதி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "விசரி, மணிக்கூடு மாதிரி. படகின்ர மூக்கு பன்னிரண்டு. இரண்டு எண்டா அங்கை!" அங்கே பார்த்தபோது தண்ணீரில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது.

பதினொரு மணியளவில் மூடுபனி வந்தது. வருகிறது என்று சொல்லவும் நேரமில்லை. கரை இருந்தது, பிறகு இல்லை. மற்றப் படகுகள் இருந்தன, பிறகு இல்லை. கடைசியில் எங்கள் படகின் முன்பக்கமே மங்கிவிட்டது. கப்டன் வேகத்தைக் குறைத்து, ஒருதரம் ஊதி, இயந்திரத்தை நிறுத்தினார். கேட்டுக்கொண்டிருப்போம், சில வேளை மூச்சுச் சத்தம் கேட்கும் என்று அந்தப் பெண் ஒலிவாங்கி இல்லாமலே சொன்னாள். குளிர் தாங்காமல் ஆட்கள் ஒவ்வொருவராகக் கீழ்த்தட்டுக்குப் போனார்கள். நாங்கள் இருவரும் கம்பியைப் பிடித்தபடி அருகருகே நின்றோம். முன்னால் பார்க்க ஒன்றுமில்லை. சாம்பல் நிறம்தான்.

வெறுமனே ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன். "உன்ர அவரும் வந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்."

அவள் கம்பியில் படிந்திருந்த ஈரத்தை விரலால் வழித்தாள். பிறகு முன்னால் பார்த்தபடியே சொன்னாள்:

"நாங்கள் இப்ப ஒண்டா இல்லையடி."

"என்ன?"

"இரண்டு வருசமாச்சு. அவர் வேற வீடு எடுத்துப் போட்டார். சண்டை கிண்டை ஒண்டும் இல்லை. ஒருநாள் பின்னேரம் சொன்னார், எனக்கு இப்பிடி இருக்க ஏலாது எண்டு. நானும் யோசிச்சுப் பாத்தன், எனக்கும் ஏலாதுதான்."

நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். இரண்டு வருடம் என்றால் நூறு ஞாயிற்றுக்கிழமை. நூறு தடவை நான் அவரைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். கடைக்குப் போயிருக்கிறார், குளிக்கிறார், படுத்திருக்கிறார் என்று நூறு தடவை பதில் வந்திருக்கிறது.

"போன மாசம் அவருக்கு பிரஷர் எண்டு சொன்னனி."

"அது உண்மை. பிரஷர் இருக்கு. என்ர மகன் சொன்னவன்."

"ஏன்டி எனக்குச் சொல்லேல்லை?"

"முதல் கிழமை சொல்லத்தான் இருந்தனான். நீ போன் எடுத்த உடனை, 'உங்கை அவருக்கு இடியப்பம் பிடிக்குமெல்லோ, நான் ஒரு புது விதமா அவிச்சனான்' எண்டு தொடங்கீட்டாய். நானும் ஓம் எண்டு கதைச்சன். அந்த ஒரு மணித்தியாலம் எல்லாம் முந்தின மாதிரியே இருந்தது. அடுத்த கிழமையும் அப்பிடி. பேந்து எப்பிடிச் சொல்லுறது? இவ்வளவு நாளும் பொய் சொன்னனான் எண்டும் சேத்தெல்லோ சொல்ல வேணும்."

எனக்குக் கோபம் வந்தது. பரிதாபம் வந்திருக்க வேண்டும், வந்தது கோபம்தான். என்னோடு கதைத்தபடியே என்னைத் தள்ளி நிறுத்தியிருக்கிறாளே என்று. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது எங்களுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. பெரிய பஸ் ஒன்று நின்று கதவு திறக்கும்போது காற்று சீறுமே, அதுபோல. ஆனால் அதைவிட ஆழமாக, நீளமாக. இருவரும் திரும்பினோம். ஒன்றும் தெரியவில்லை. மூச்சின் ஈரம் முகத்தில் பட்டது. அழுகிய முட்டைக்கோசையும் மீனையும் ஒன்றாக அவித்ததுபோல் ஒரு நாற்றம். அவள் தேசிக்காயை எடுத்து மூக்கில் வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

பிறகு அது படகின் பக்கமாகவே மேலே வந்தது. தலை வந்ததா என்று தெரியாது. கறுத்த முதுகு ஒன்று பனிக்குள்ளிருந்து வந்து, தண்ணீரை வழித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனது. போனது, போனது, முடியவில்லை. இனி முடியும் என்று நினைத்த பிறகும் போனது. கடைசியில் சின்னதாய் ஒரு செட்டை, பிறகு வெறும் தண்ணீர். படகில் நின்ற எவரும் கத்தவில்லை. அந்தப் பெண்கூட ஒலிவாங்கியை எடுக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை மூச்சுச் சத்தம் கேட்டது, ஒவ்வொரு தடவையும் தூரமாக. படம் எடுக்க இருவருக்கும் நினைவு வரவில்லை.

"சீ, என்ன மணம்!" என்றாள் என் சிநேகிதி. அவள் கன்னம் நனைந்திருந்தது. பனியா, திமிங்கிலத்தின் மூச்சா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

பனி விலகியபோது இன்னும் இரண்டு சின்னத் திமிங்கிலங்களைத் தூரத்தில் பார்த்தோம். ஒரு மணிக்குக் கரைக்கு வந்து, நேராகக் காரில் ஏறினோம்.

முதல் ஒரு மணித்தியாலம் நான் பேசவில்லை. இறக்கங்களில் கியரைக் குறைத்து விட்டேன். கார் சொன்னபடி கேட்டது. கடைசியில், "கோபமே?" என்று கேட்டாள்.

"ஓம்."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"கியூபெக் வரைக்கும்."

"சரி."

ஆனால் கியூபெக் வருமுன்பே என்னால் இருக்க முடியவில்லை. அவளுடைய பொய்யைத் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வர, என்னுடையது பக்கத்தில் வந்து நின்றது.

"எடி, நான் இதுக்கு முதல் ஹைவேயில அரை மணித்தியாலத்துக்கு மேல ஓடினதில்லை. ஒட்டாவாவுக்கு அவர்தான் ஓடினவர். டொரண்டோவுக்கும் அவர்தான். நான் ஒண்டுக்கும் ஓடேல்லை."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "நேற்று அந்த வைக்கோல் வண்டிக்குப் பின்னால ஒரு மணித்தியாலம் போகேக்கையே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டும் ஏன் பேசாமல் இருந்தனி?"

"நீ ஓடிக்கொண்டிருக்கேக்க உனக்கு ஓடத் தெரியாதெண்டு சொல்லுறதோ? எனக்கு உயிர் முக்கியம்."

எனக்குச் சிரிப்பு வந்து, காரை அடுத்த நிறுத்தத்தில் ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. அங்கே மிஞ்சிய றோல்ஸைச் சாப்பிட்டோம். சாப்பிடும்போது அவள் மிச்சத்தையும் சொன்னாள். வீடு இப்போது மிகவும் சத்தமில்லாமல் இருக்கிறது, அது சில நாள் நல்லது, சில நாள் இல்லை. மகன் இரண்டு பக்கமும் வருகிறான். நேற்று மோட்டலில் பேசியதும் அவன்தான். சனிக்கிழமைகளில் நீச்சல் பழகுகிறாள். ஐம்பத்து நாலு வயதில், சின்னப் பிள்ளைகளோடு, தக்கையைப் பிடித்துக்கொண்டு. இதையெல்லாம் எனக்குச் சொல்ல முடியாமல் இருந்ததுதான் தனக்கு ஆகக் கூடின கஷ்டம் என்றாள். நீச்சலுக்கு என்ன உடுப்புப் போடுகிறாய் என்று கேட்டேன். அதிலிருந்து மொன்றியல் வரை பேசிக்கொண்டே வந்தோம். இரண்டு லொறிகளை முந்தினேன்.

எட்டு மணிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டோம். என் கணவர் ஸ்டூலில் இருந்தபடியே சமைத்து வைத்திருந்தார்: சோறு, பருப்பு, மீன் ரின் கறி. முதலில் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் அவளுக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டே, "தங்கச்சி, அவரின்ர நம்பரைத் தாங்கோ. அடுத்த சமருக்கு ரெண்டு பேரும் சேந்து வாங்கோ எண்டு நானே சொல்லுறன். எனக்கும் அப்ப கால் சுகமாயிடும்," என்றார்.

நான் சோற்றுக் கோப்பையை இழுத்து வேறு கதை தொடங்கப் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"நாங்கள் இப்ப ஒண்டா இல்லை அண்ணை. இரண்டு வருசமாச்சு," என்றாள். என்னிடம் சொன்னதைவிடச் சுலபமாக, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

அகப்பை அந்தரத்தில் நின்றது. என் கணவர் எதையும் மெதுவாக விளங்கிக்கொள்கிறவர். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கறியை அவளுடைய சோற்றில் ஊற்றினார்.

"அப்ப நீங்கள் தனிய வாங்கோ," என்றார். "பருப்புக்கு உப்புக் காணுமே?"

"காணாது," என்றாள் அவள்.

அவர் உப்புப் போத்தலை நகர்த்திவிட்டு, எத்தனை திமிங்கிலம் பார்த்தீர்கள் என்று கேட்டார். அவள் கையைக் கழுவாமலே எழுந்து, அதன் நீளத்தைக் காட்ட குசினி வாசலிலிருந்து வரவேற்பறையின் கடைசி ஜன்னல் வரை நடந்தாள்.